மூட்டையோடு வந்த பாதிரியார்

நாவல் எழுதுகிறவனுக்கு மிகவும் கஷ்டமான காரியம் எது என்று யாராவது கேட்டால், வர்ணனையும் அல்ல, கதைப்போக்கும் அல்ல, சம்பாஷணைதான் என்று சொல்வேன். இரண்டு பேரைப் பேச வைப்பது சுலபம். ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கிறார் என்று வாசகனுக்குப் படும்படி எழுதுவதுதான் கஷ்டம். நம் நாவல்களில் பாதிக்கு மேல் பாத்திரங்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களைப் போலத் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் நகர்ந்ததும் இவர் தம் பையை நீட்டுகிறார். அவ்வளவுதான்.

இதற்காக நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் சொல்லுகிற அடுத்த வாக்கியத்தைப் பார்ப்பேன். முதலாமவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த வாக்கியம் அப்படியேதான் வந்திருக்கும் என்றால், அங்கே காது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆசிரியர் எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் சரி.

மதத்தைப் பற்றிய பேச்சில் இந்தச் சோதனையில் தேறுகிறவர்கள் மிகவும் சிலர். நம் நாட்டில் கிறிஸ்தவ மதத்தைப் பற்றி நடந்த பேச்சுகளை எடுத்துக்கொண்டால், ஒன்று கண்டனமாக இருக்கும், அல்லது உபசாரமாக இருக்கும். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டு முழுவதும் கண்டனம். பாதிரிமார் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டால் சைவர்கள் ஒன்று போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் துணையாக இருந்த ஆறுமுக நாவலரே 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுத நேர்ந்தது. அதற்குப் பிறகு வந்தது உபசாரம். எல்லா மதமும் ஒன்றுதான் சார், எல்லா நதியும் கடலுக்குத்தான் போகிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவது. பின்னது நாகரிகமானது, சந்தேகமில்லை. ஆனால் அதிலும் அடுத்த வாக்கியம் ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கிறது. வந்தவர் என்ன சொன்னாலும் நதி கடலுக்குப் போய்விடும். எனக்கென்னவோ கண்டனக்காரர்களின் பேரில் கொஞ்சம் மரியாதை அதிகம். அவர்கள் எதிராளியின் புஸ்தகத்தைப் படித்துவிட்டாவது திட்டினார்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஒரு புஸ்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. பிரெஞ்சு தேசத்துக் கத்தோலிக்கத் துறவி ஒருவர் திருவண்ணாமலையைப் பற்றி எழுதியது. 1978-ல் பிரெஞ்சிலும் அடுத்த வருஷம் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'அருணாசல ரகசியம்' என்று சொல்லலாம். ஆசிரியர் பெயர் ஆன்ரி லெ ஸோ. இந்தியாவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அபிஷிக்தானந்தர். புஸ்தகம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1910-ல் பிரிட்டனி கடற்கரையில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து, பத்தொன்பது வருஷம் அங்கேயே ஜபமும் படிப்புமாக இருந்துவிட்டு, 1948-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அவருக்கு முன்பே 1939-ல் வந்து திருச்சிப் பக்கத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த ழூல் மோன்ஷானின் என்ற பாதிரியாரோடு சேர்ந்து, 1950 மார்ச்சில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்பில், சாந்திவனம் என்ற ஆசிரமத்தை ஆரம்பித்தார். காவி, மரக்கறி உணவு, குடிசை வாசம். நோக்கம் என்ன? ஒளிக்காமல் சொல்வதானால், இந்தியாவின் தியான மரபு கிறிஸ்துவிடம் வந்துதான் பூர்த்தியாகும் என்று அவர்கள் நம்பினார்கள். அதற்கு வழி செய்யத்தான் வந்தார்கள். இதை மறந்துவிட்டுப் புஸ்தகத்தைப் படித்தால் அதில் ஒன்றும் இல்லை. நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதன் உள்ளே கலைந்துபோவது தெரியும்.

ஆசிரமம் ஆரம்பிப்பதற்கு முன்பே, 1949 ஜனவரியில், இரண்டு பேருமாக ரமணாசிரமத்துக்கு வந்தார்கள். லெ ஸோ மகரிஷியைப் பற்றி நிறையப் படித்திருந்தார். நிறைய எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண்டது சாதாரணமான ஒரு கிழவர். சாந்தமும் சாமர்த்தியமும் உள்ள முகம். கிட்டத்தட்டத் தம்முடைய தாத்தாவைப் போல இருந்தது என்று எழுதுகிறார். முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் எதுவும் இல்லை. சுற்றி நடந்த தூபமும் ஆராதனையும் வேறு அவரை உறுத்தின. எல்லோரும் அந்தக் கிழவரைப் பகவான் என்று அழைத்தது கத்தோலிக்கக் காதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. போதாக்குறைக்கு ஜுரம் வந்து படுத்துக்கொண்டார். பிரயாணக் கட்டுரை எழுதுகிற வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்று மகரிஷியின் கண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஏமாற்று வேலை என்று எழுதுவார்கள். லெ ஸோ இரண்டும் செய்யவில்லை. தமக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

அப்போது எதல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அம்மாள் வருகிறாள். பிரான்ஸில் குர்ஜீப் நடத்திய ஸ்தாபனத்தில் முன்னாளில் இருந்துவிட்டு, இந்தியாவுக்கு வந்து, மகரிஷியை நாடியவள். பாதிரியார் தம் ஏமாற்றத்தைச் சொன்னதும் அவள் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள் என்கிறாள். தெரிந்துகொள்ளவேண்டும், புரிந்துகொள்ளவேண்டும் என்று துடிக்கிறீர்கள். உங்களுக்கு வரவேண்டியது நீங்கள் போட்டுவைத்திருக்கிற பாதை வழியாகத்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறீர்கள். கொஞ்சம் காலியாக இருந்து பாருங்கள் என்கிறாள். சாரம் இவ்வளவுதான். புஸ்தகத்தில் இது அரைப் பக்கம்கூட இருக்காது.

இந்த இடத்தில்தான் நான் என் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். வேதாந்தத்திலும் தத்துவத்திலும் தேறிய முப்பத்தெட்டு வயதுக் குருவானவர். எதிரே வேதசாஸ்திரப் பட்டம் ஒன்றும் இல்லாத ஒரு பெண்பிள்ளை. அவர் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? அம்மா, காலியாக இருப்பதைப் பற்றி எங்கள் மதத்திலும் சிலுவை அருளப்பர் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்திருக்கலாம். மூட்டை என்று நீ எதைச் சொல்கிறாயோ அது என் விசுவாசம், அதை இறக்க முடியாது என்று கோபித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் நியாயமான பதில்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வேதபாராயணம் நடந்தது. இப்போது அது வேறு மாதிரி கேட்டது. தம் அறிவு ஒப்புக்கொள்வதற்கு முன்பே உள்ளே ஏதோ ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டது என்ற பொருள்பட எழுதுகிறார். அடுத்த வாக்கியம் மாறிவிட்டது. அந்த அம்மாள் வேறு எதையாவது சொல்லியிருந்தால் அந்தச் சாயங்காலம் அப்படி எழுதப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தச் சம்பவத்தை வெளியில் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தம்மைவிடக் குறைவாகப் படித்த ஒருவர் தம்மைத் திருத்தியதை, அவருடைய பெயரோடும் அவருடைய குரலோடும் எழுதிவைப்பது சாமான்யமான காரியமல்ல. அடக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் அநேகமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வது, கைகட்டி நிற்பது, 'அடியேன்' போடுவது. எழுத்தில் அடக்கத்துக்கு வேறு அடையாளம் உண்டு. தம்மைக் குத்திய வாக்கியத்தை மழுக்காமல் அச்சில் விட்டுவைத்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும்.

இதே கூடத்தில் பதினோரு வருஷம் முன்னால் நடந்த இன்னொரு பேச்சை இதோடு வைத்துப் படிப்பது நல்லது. முனகால வெங்கட்ராமய்யா 1935 முதல் 1939 வரை மகரிஷியின் சந்நிதியில் நடந்த பேச்சுகளை ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். அந்தத் தொகுப்பில், 1938-ல் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி வந்தது பதிவாகியிருக்கிறது. ஜோன்ஸ் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. காந்தியின் நண்பர். அவர் காந்தியைப் பற்றி எழுதிய புஸ்தகம் பின்னால் மார்ட்டின் லூதர் கிங்கையே பாதித்தது. அதைவிட முக்கியம், 1928-ல் அவர் வெளியிட்ட ஒரு நூல் முழுவதும் மதங்களுக்கிடையே எப்படிப் பேசவேண்டும் என்பதைப் பற்றியது. வட்ட மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்காரவேண்டும், யாரும் வாதம் செய்யக் கூடாது, பிரசங்கம் கூடாது, அவரவர் மதம் அவரவருக்கு அநுபவத்தில் என்ன கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். கிறிஸ்தவர்கள் எழுதியவற்றில் கேட்பதைப் பற்றி அவ்வளவு தெளிவான விதிகள் அந்தக் காலத்தில் குறைவு.

அப்படிப்பட்டவர் திருவண்ணாமலைக்கு வந்தார். உங்களுடைய தேட்டம் என்ன, லட்சியம் என்ன, எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று மகரிஷியைக் கேட்டார். லட்சியம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் நீங்கள் ஏன் ஒரு லட்சியத்தைத் தேடவேண்டும், இப்போது இருக்கிற நிலையில் ஏன் திருப்தி இல்லை என்று மகரிஷி திருப்பிக் கேட்டார். அப்படியானால் லட்சியமே இல்லையா என்றார் ஜோன்ஸ். தேடத் தூண்டுவது எது, அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார் மகரிஷி. இந்த விஷயங்களில் எனக்கு என் அபிப்பிராயங்கள் உண்டு, உங்களுடையதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார் ஜோன்ஸ். மகரிஷிக்குத் தீர்த்துக்கொள்ளவேண்டிய சந்தேகம் ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். அதன்பிறகு ஜோன்ஸ் பூமியில் பரலோக ராஜ்யம் நிலைப்பதைப் பற்றித் தம் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. மனிதர் மரியாதையாகத்தான் வந்தார். வாதத்துக்கு வரவில்லை. விதிகளை மீறவும் இல்லை. சங்கடம் விதியிலேயே இருந்தது. வட்ட மேஜையில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் ஓர் அறிக்கை இருக்கும் என்று ஜோன்ஸ் வைத்துக்கொண்டார். அறிக்கை இல்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, உன் கேள்வி எங்கிருந்து வந்தது பார் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவருடைய விதியில் இல்லை. எனக்கு என் அபிப்பிராயங்கள் உண்டு என்ற அந்த ஒரு வாக்கியம், மகரிஷி என்ன சொல்லியிருந்தாலும் வந்திருக்கும். லெ ஸோவும் அதே மூட்டையோடுதான் வந்தார். வித்தியாசம், அவருக்கு ஒரு மெர்ஸ்டன் அம்மாள் கிடைத்தாள். ஜோன்ஸுக்கு ரயிலுக்கு நேரமாகியிருக்கும்போல் இருக்கிறது. பிரசித்தியுள்ளவர்களுக்கு இது ஒரு தொந்தரவு.

(இரண்டு பேரும் 1973-ல்தான் காலமானார்கள். ஜோன்ஸ் ஜனவரியில், பரேலியில். லெ ஸோ டிசம்பரில், இந்தூரில். இதில் விசேஷ அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் நாவலாசிரியன் கண்ணில் இப்படிப்பட்டவை படாமல் போகாது.)

மகரிஷியின் பக்கத்துக் காதைப் பற்றியும் சொல்லவேண்டும். வேங்கடராமன் என்ற பையன் 1896-ல் திருவண்ணாமலைக்கு ஓடிவருவதற்கு முன் மதுரையில் படித்தது அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். பைபிள் அவருக்குப் புதிது அல்ல. கிறிஸ்தவர்கள் வந்து கேட்டபோது உபநிஷத்தை எடுத்து அவர்கள் தலையில் போடாமல், யாத்திராகமத்தில் கடவுள் மோசேயிடம் தம் பெயரைச் சொன்ன இடத்தையோ, அமைதியாக இருந்து அறியச் சொல்லும் சங்கீதத்தையோ எடுத்து, இதைத்தான் நானும் சொல்கிறேன் என்பது அவர் வழக்கம். வந்தவர் பாஷையிலேயே பதில். நம் பக்கத்தில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ஒரு கிறிஸ்தவ வாசகர் இதைக் கொஞ்சம் சங்கடத்தோடு படிக்கக்கூடும் என்பதையும் நினைக்கவேண்டும். என் வேதத்து வாக்கியத்துக்கு இவர் தம் அர்த்தத்தை அல்லவா சொல்கிறார் என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல. லெ ஸோ பிற்காலத்தில் பட்ட வேதனையெல்லாம் ஏறக்குறைய இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தமிழ் நாட்டுக்கு வந்த கிறிஸ்தவர்களில் லெ ஸோதான் முதலில் காது கொடுத்தவர் என்று சொல்லிவிட முடியாது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1712-லிருந்து 1714 வரை தமிழர்களிடம் கேள்விகள் கேட்டுக் கடிதங்களாகப் பதில் வாங்கினார். தொண்ணூற்றொன்பது கடிதங்கள். அவை ஜெர்மனியில் ஹாலே நகரத்து மிஷன் அறிக்கைகளில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி முடித்த பெரிய நூலை மட்டும் அந்த ஊர்ப் பெரியவர்கள் அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் இவர் அதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறாரே என்று அவர்களுக்கு மனத்தாங்கல். அந்தப் புஸ்தகம் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. கேட்பது அபாயமான காரியம் என்று அனுப்பிவைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஓர் இந்துக் குடும்பத்தின் பேச்சை அவர் எழுதியிருக்கிற சுபாவத்தைப் பார்த்தால், பல வீட்டுத் திண்ணைகளில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டவர் என்று தெரியும். முன்சீப் உத்தியோகம் பார்த்தவர், கேட்பது பழக்கமாகியிருக்கும்.

திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று சமாதியடைந்தார். லெ ஸோ எதிர்பார்த்தபடி அவரிடம் நெருங்கிப் பழகக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் 1952 முதல் சில வருஷங்கள், சாந்திவனத்திலிருந்து அவ்வப்போது வந்து மலைக் குகைகளில் தங்கினார். வண்ணாத்தி குகை, அருட்பால் தீர்த்தத்துக் குகை என்று புஸ்தகத்தில் வருகின்றன. ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். கோவிலுக்குப் பின்னால் மலையேறுகிற பாதையில் போனவர்களுக்குத் தெரியும்: கீழே நாலு ராஜகோபுரமும் பிராகாரங்களும் ஒரு தட்டில் வைத்ததுபோலத் தெரிய, ஊரின் சத்தம் மட்டும் மெல்ல மேலே ஏறி வந்துகொண்டிருக்கும். லாரி ஹாரன், கோவில் மணி, யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல். அங்கே உட்கார்ந்தால் பேசத் தோன்றாது. லெ ஸோவின் புஸ்தகத்தில் மிகவும் நல்ல பக்கங்கள் இந்தக் குகை வாசத்துப் பக்கங்கள்தான். சாதுக்கள், யாத்ரீகர்கள், பால் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் என்று மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் மதத்தைப் பற்றி அவரிடம் கேட்பதைவிட, சாப்பிட்டாயா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள்.

குகைக்கு வந்தவர்களில் ஒருவர் ஹரிலால். பின்னாளில் லக்னோவில் பூஞ்சாஜி என்று பெயர் பெற்றவர் இவர்தான். லெ ஸோ உபநிஷத்திலிருந்து சம்ஸ்கிருதத்தில் எடுத்துச் சொல்கிறார். தமிழ் வேறு படித்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் எதற்கு, ஆத்மாவோடு பேச எந்த பாஷையை உபயோகிக்கிறீர் என்று ஹரிலால் கேட்கிறார். நல்ல அடி. பாதிரியாருக்கு அந்தக் கணம் பதில் இல்லை. அதையும் அப்படியே எழுதியிருக்கிறார். எனக்கு மட்டும் அங்கே ஒரு சின்ன ஆட்சேபணை உண்டு. பாஷை படித்தது வீண் என்று ஹரிலால் சொன்னதை லெ ஸோ அப்படியே ஏற்றுக்கொள்ள நினைத்தாலும், அவருடைய புஸ்தகம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. தமிழ் தெரிந்ததனால்தான் பால்காரரின் வார்த்தை அவருக்கு விழுந்தது. ஞானிகள் பாஷையைத் தாண்டிப் போகட்டும். கேட்கிறவன் பாஷைக்குள்ளேதான் இருக்கவேண்டும்.

இனி, புஸ்தகத்தில் இல்லாததைப் பற்றி. சாந்திவனத்தின் காவி ஒரு வேஷம், மதம் மாற்றுவதற்குப் புது வழி என்று ஒரு கட்சி உண்டு. 1980-களில் பத்திரிகைகளில் இந்தச் சண்டை பலமாக நடந்தது. சீதாராம் கோயல் 1988-ல் இதற்கென்றே ஒரு புஸ்தகம் போட்டார். இதைச் சும்மா தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1950-ல் ஆசிரமம் ஆரம்பித்த இருவரின் நோக்கத்தை மேலே சொன்னேன். காது கொடுப்பதுபோல உட்கார்ந்து, எதிராளி எங்கே பலவீனமாக இருக்கிறான் என்று பார்ப்பதும் ஒரு வகைக் கேட்பதுதான். வியாபாரிகளும் வக்கீல்களும் தினம் செய்வது. லெ ஸோ அந்த ரகமா?

இதற்குப் பதில் அவர் அச்சுக்கு எழுதியதில் இல்லை, அச்சுக்கென்று எழுதாததில் இருக்கிறது. அவருடைய நாட்குறிப்புகள் அவர் இறந்து பல வருஷங்கள் கழித்து, 1986-ல் பிரெஞ்சில் வெளிவந்தன. பிறரை மாற்ற வந்த மனிதர் தாமே எங்கே போகிறோம் என்று தெரியாமல் தவிப்பது அதில் வருஷக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அத்வைதம் உண்மையானால் தம் பூஜை என்ன ஆகும், பூஜை உண்மையானால் குகையில் கண்டது என்ன, இரண்டு பக்கத்தையும் ஏமாற்றுகிறோமோ என்ற பயம். மதம் மாற்றுகிற தந்திரக்காரன் தன்னிடமே ராத்திரியில் இப்படி எழுதிக்கொள்ள மாட்டான். அவர் இந்துவாகிவிடவும் இல்லை. கடைசிவரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார், திருப்பலி நிறைவேற்றினார். தீர்த்துக்கொள்ளாமலே இருந்தார். தீர்த்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்; புஸ்தகம் கெட்டிருக்கும்.

ஆனால் என் குறை வேறு. தூரத்திலிருப்பவர்களைக் கேட்ட அளவுக்குப் பக்கத்திலிருந்தவர்களை அவர் கேட்டாரா என்பது. முதலில் மோன்ஷானின். அடுத்த குடிசையில் இருந்தவர். அத்வைதத்துக்கும் கிறிஸ்தவத்தின் திரியேகத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, அதை அவசரப்பட்டுத் தாண்ட முடியாது என்று வரவர உறுதியாக நினைத்தவர். லெ ஸோ குகைகளுக்குப் போய்வருவது அவருக்குக் கவலையாக இருந்தது. லெ ஸோவுக்கோ இவர் துணிச்சல் இல்லாதவராகத் தெரிந்தார். இரண்டு சாதுக்கள், ஒரே தோப்பு, ஒரே சமையல், பேச்சு மட்டும் ஓடவில்லை. மோன்ஷானின் 1957 அக்டோபரில் பாரிஸில் இறந்துபோனார். பிற்பாடு லெ ஸோ அவர் நினைவாக ஒரு மலர் தொகுத்து வெளியிட்டார். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது என்று தோன்றியது எனக்கு. அந்நியனிடம் எல்லா அடக்கமும் வந்துவிடுகிறது. தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் வருவதில்லை.

இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர்கள், சாதாரணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள். திருவண்ணாமலை என்றதும் எல்லோரும் கோவிலையும் ஆசிரமத்தையும்தான் நினைக்கிறார்கள். அந்த ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஆற்காடு லுத்தரன் சபையும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் சேரிகளிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. கோவிலுக்குள் விடாத காலத்தில் ஒரு கதவு திறந்ததனால் அதற்குள் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த மலை எப்படித் தெரிந்திருக்கும்? காவி கட்டிக்கொண்டு, எந்த மதத்தை விட்டு அவர்கள் வந்தார்களோ அதன் வாசலில் போய் உட்கார்ந்த வெள்ளைக்காரச் சாமியாரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? புஸ்தகத்தில் சாதுக்கள் பேசுகிறார்கள், பக்தைகள் பேசுகிறார்கள், வெளிநாட்டார் பேசுகிறார்கள். இவர்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல இருந்திருக்கும். அது உபநிஷத்து வார்த்தையாக இருந்திருக்காது. லெ ஸோவின் காது உயரத்தை நோக்கித் திரும்பிய காது. ஞானிகள் பேசினால் கேட்டது. அவ்வளவு தூரம் கேட்டதே பெரிது என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம் ஒப்பவில்லை.

எழுத்து என்ற அளவிலும் குறைகள் இல்லாமல் இல்லை. மலையைப் பற்றிப் பாட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை. பின்பகுதியில் மனிதர்கள் குறைந்து தத்துவம் அதிகமாகிறது. அந்த இடங்களில் நான் பக்கங்களைத் தள்ளினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அதைவிடச் சிறிய புஸ்தகம் ஒன்று உண்டு, 'குருவும் சீடனும்'. வாசகர்கள் இரண்டில் ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். திருவண்ணாமலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற திருக்கோவிலூர்த் தபோவனத்தில், ஞானானந்த கிரி சுவாமிகளை 1955 டிசம்பரில் சந்தித்ததும், அடுத்த வருஷம் போய்த் தங்கியதும்தான் விஷயம். இதில் 'நான்' கிடையாது. வான்யா என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அவன் போனான், அவன் கேட்டான் என்று எழுதுகிறார். முதலில் இது எனக்கு ஒரு கூச்சமாகத்தான் பட்டது. மேலிடத்துக்குப் பயந்து முகத்தை மூடிக்கொள்கிறார் என்று நினைத்தால்கூடத் தப்பில்லை. ஆனால் படிக்கப் படிக்க, நாவலாசிரியனுக்குத் தெரிந்த ஒரு சௌகரியம் இதில் அவருக்குக் கிடைத்திருப்பது தெரிந்தது. 'நான்' என்று எழுதுகிறவன் தன் கேள்வியைக் காப்பாற்றப் பார்ப்பான். 'அவன்' என்று எழுதினால் அவன் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். அதில் உள்ள அசட்டுத்தனம் தெரியும்.

வான்யா போனதும் கேட்கிற கேள்வி அப்படிப்பட்டதுதான். கடவுளும் சிருஷ்டியும் ஒன்றா இரண்டா, த்வைதமா அத்வைதமா? பத்தொன்பது வருஷ மடத்துப் படிப்பும், ஏழு வருஷ இந்திய வாசமும், மோன்ஷானினோடு தீராத வழக்கும் சேர்ந்த கேள்வி. கேள்விகளால் என்ன பிரயோஜனம், பதில் உன் உள்ளேதான் இருக்கிறது, போய் தியானத்தில் உட்கார் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டார் கிழவர். பேச்சு தமிழில் நடந்தது. அடுத்த வாக்கியத்தில் வான்யா ஒன்றும் கேட்கவில்லை. தங்குவதற்கு வந்துவிட்டான்.